நான்கு பச்சை விளக்குகள்

அத்தியாயம் பதினொன்று

ரௌட்டரில் நான்கு பச்சை விளக்குகள். ஆறு வாரமாக அக்காவைப் பாடாய்ப் படுத்துபவை அவைதான்.

வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஆசிரியர் திரையில் ஒரு பாய்லரின் வயிற்றைத் திறந்து, குழாய் குழாயாக எடுத்துக் காட்டுவார். திடீரென்று நான்கு விளக்குகளும் ஒன்றாக அணையும். பிறகு ஒன்று எரியும். யோசித்து யோசித்து இரண்டாவது. நான்கும் எரிய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் ஆசிரியர் வேறு பாகத்துக்குப் போயிருப்பார். வருகைப் பதிவில் அக்காவுக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

இத்தனைக்கும் மின்சாரம் போகாது. மின்விசிறி பாட்டுக்குச் சுற்றும். லேப்டாப் விழித்துக்கொண்டே இருக்கும். ரௌட்டர் மட்டும் செத்துப் பிழைக்கும்.

அக்கா விடுகிற ஆள் இல்லை. ஒரு நோட்டில் நேரம் குறித்துவந்தாள். சில நாள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, சில நாள் அரை மணிக்கு ஒரு தடவை. சனிக்கிழமை மிக மோசம். புதன்கிழமை மட்டும் ஒரு தடவைகூட இல்லை. ஆறு புதன்கிழமையும் நான்கு விளக்குகளும் குத்துக்கல் மாதிரி நின்றன.

புதன்கிழமை கீழே கறிக்கடைக்கு விடுமுறை. கடைக்காரன், அதாவது அவளுடைய கணவன், விடியற்காலையில் குளிர் அறையைக் காலிசெய்து கழுவிவிட்டு, அன்று முழுக்க வெளியே சுற்றுவான்.

அது என்ன சொல்கிறது? அக்காவுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வாய்மொழித் தேர்வு.

நாற்பத்தொரு வயதில் படிப்பு என்றால் வேறு எப்படிப் படிப்பது? ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஆலையில் பத்தொன்பது வருடமாக உருளை இஸ்திரியில் நிற்கிறாள். காலை ஆறு முதல் இரண்டு வரை வேலை, பிறகு வீடு. எந்தக் கல்லூரி வாசலும் அந்த நேரத்துக்குத் திறக்காது. வகுப்பு வீட்டுக்கே வந்ததால்தான் படித்தாள். அவளோடு திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஒரு காவலாளி, ஒரு கிரேன் ஓட்டுநர், மடியில் குழந்தையோடு ஒரு தாய். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பு வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருப்பதெல்லாம் வகுப்புக்குள் வரும். கதவைச் சாத்திக்கொண்டு படிக்க அக்காவின் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. போன மாதம் அவன் பிடுங்கி எறிந்துவிட்டான்.

இந்தத் தேர்வில் தேறினால் புது ஆலையின் பாய்லரை இயக்கும் வேலை. கூடவே ஒரு அறை. அந்த அறைக்கு ஒரு சாவி, அவள் கையில். தவறினால் மறுபடி அடுத்த வருடம்தான்.

அந்த வேலைக் கடிதத்தைத்தான் போன வாரம் அவன் கண்டுபிடித்தான். அவளுடைய போன் சுவரில் மோதித் தூளானது. அவள் அலமாரியில் மோதினாள். இடது காதில் இன்னும் வண்டு கத்துகிறது.

* * *

இரண்டு மணி பத்து நிமிடம். கடை ஷட்டரை மதிய இடைவேளைக்கு இறக்கிவிட்டு அவன் மாடிக்கு வந்தான். மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது.

"என்ன பாய்லர் மேடம், இன்னிக்குக் கொதிக்குமா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விசைப்பலகையில் கை இருந்தது.

"கேக்கறேன்ல?"

"பரீட்சை இருக்கு. மூணு மணிக்கு. ஒரு மணி நேரம் விட்டுடுங்க."

"விட்டுடணுமா? எங்கே, அந்த ஆலைல கொண்டுபோய் விடணுமா?"

லேப்டாப் மூடியைப் பிடித்து அவளுடைய விரல்களின் மேலேயே மூடினான். மூடியதோடு நிற்கவில்லை. எலும்பு வெட்டும் கட்டையில் ஊன்றுவது போல உள்ளங்கையால் அழுத்தி, உடம்பின் எடையைக் கொடுத்தான். அக்கா கத்தியபோது மற்ற கையால் வாயில் ஓர் அறை. உதடு பல்லில் கிழிந்தது.

"மூணு மணிக்கு மேலே வர்றேன். இதைக் கட்டைல வெச்சு நாலாப் போடறேன். குறுக்கே கை வந்தா அதையும் சேர்த்துப் போடுவேன்."

படியிறங்கிப் போனான். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குப் பதினாறு வருடமாகத் தெரியும்.

அக்கா முதலில் மூடியைத் திறந்து பார்த்தாள். திரை எரிந்தது. அப்புறம்தான் விரல்களைப் பார்த்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன.

பின்படி வழியாகத் தம்பி வந்தபோது மணி இரண்டு இருபது. பார்சல் கொண்டுபோகிறவன். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தேர்வு முடியும்வரை கதவோடு முதுகைச் சாய்த்து உட்காருவதற்காக வந்திருந்தான். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு அவன்தான் தாழ்ப்பாள்.

"நெட் போச்சுன்னா கவலைப்படாதே அக்கா, என் போன்லருந்து..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான்.

"எங்கே அவன்?"

"வேண்டாம்டா. இன்னிக்கு வேண்டாம். உக்காரு."

"ஆறு வாரமா நெட்டை அறுக்கறதும் அவன்தானே? புதன்கிழமை அவன் கீழே இல்ல, புதன்கிழமை அறுக்கறதில்ல. நீயே நோட்டுல எழுதி வெச்சிருக்கே. இதுக்கு மேலே என்ன வேணும் உனக்கு?"

"டேய், போனையாவது கொடுத்துட்டுப் போ!"

அவன் ஹெல்மெட்டோடு இறங்கிவிட்டான். போன் சட்டைப் பையில் போனது.

* * *

கறிக்கடைக்காரன் குளிர் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முழுத்தொடையைத் தோளில் தூக்கி வெளியே வந்துகொண்டிருந்தான்.

"நெட்டை அறுக்கறது நீதானே மச்சான்?"

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரியாதது அந்த முகத்தில் தெளிவாகவே தெரிந்தது. கோபத்தில் தம்பிக்குத்தான் தெரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கறிக்கடைக்காரனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அதிலும் மனைவியின் தம்பியிடமா?

தொடையைக் கட்டையில் போட்டான். சிரித்தான்.

"ஆமாண்டா பார்சல். நான்தான் அறுத்தேன். இன்னிக்கும் அறுப்பேன். என்ன பண்ணுவே?"

தம்பி ஹெல்மெட்டால் அவன் காதோரத்தில் அடித்தான். சுரைக்காய் உடைகிற சத்தம். கறிக்கடைக்காரன் கட்டையின் மேல் சாய்ந்தான், எழுந்தபோது கையில் எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் மெல்லிய கத்தி இருந்தது. தம்பி இரண்டாவது தடவை ஓங்க, கத்தி குறுக்கே வந்தது. ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டது. தம்பியின் இடது உள்ளங்கை சுண்டுவிரலடியிலிருந்து கட்டைவிரல்வரை திறந்துகொண்டது.

வலி உடனே வரவில்லை. ரத்தம்தான் முதலில் வந்தது. சட்டைப் பையிலிருந்து போன் நழுவி ஈரத் தரையில் விழ, கறிக்கடைக்காரனின் ரப்பர் பூட்ஸ் அதன்மேல் ஏறி இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. தம்பியின் தொண்டையைப் பிடித்துச் சுவரில் அழுத்தி, கத்தியைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்தான்.

"அக்காவையும் தம்பியையும் ஒரே கட்டைல போடறேன்."

படியிறங்கி வந்த அக்கா கத்தவில்லை. கத்தினால் அவன் நிறுத்தமாட்டான். தரை கழுவும் குழாய் கைக்கு எட்டும் தூரத்தில் சுருண்டு கிடந்தது. நுனியை இடது கையால் பாதி அடைத்துப் பிடித்து, முழங்கையால் திருகைத் திறந்தாள். வாய் குறுகினால் வேகம் கூடும் என்பது அவளுடைய மூன்றாம் வாரப் பாடம். தண்ணீர் ஈட்டி மாதிரிப் போய் அவன் கண்ணில் குத்தியது.

அவன் முகத்தைப் பொத்திப் பின்வாங்கினான். பின்னால் குளிர் அறையின் திறந்த கதவு. தம்பி தோளால் மோதினான். கறிக்கடைக்காரன் கொக்கிகளுக்கு நடுவே மல்லாந்து விழ, தம்பி கதவை அறைந்து சாத்தினான். தாழ் தானாக விழுந்தது.

உள்ளே கத்தியின் பிடி கதவில் இடித்தது. டம். டம்.

குளிர் அறைக்குள் ஒரு குமிழ் இருக்கும். மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளினால் தாழ் எழும். இந்த அறையில் அது உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. பாதுகாப்புப் பாடம் நடந்த அன்றே அக்கா சொன்னாள், மாற்றிவிடுங்கள் என்று. 'கடைல எனக்குப் பாடம் எடுக்கறியா' என்று அன்றைக்கும் ஒன்று கிடைத்தது.

"திறந்து விட்டுடலாமா அக்கா?" என்றான் தம்பி.

அக்கா கணக்குப் போட்டாள். உள்ளே இரண்டு டிகிரி. சட்டை நனைந்திருக்கிறது, ஆனால் ஆணியில் தடிமனான ஸ்வெட்டர் தொங்குகிறது. அறை நான்கு பேர் நிற்கிற அளவு. ஒரு ஆளுக்குக் காற்று மணிக்கணக்கில் போதும். ஒரு மணி நேரத்தில் விறைக்கும், ஆபத்தாகாது. கதவைத் திறந்தால் கத்தி வெளியே வரும்.

கதவில் வாயை வைத்துச் சொன்னாள்: "சட்டையைக் கழட்டிட்டு ஸ்வெட்டர் போட்டுக்குங்க. நடந்துட்டே இருங்க. ஒரு மணி நேரம்."

"வெளியே வந்தேன்னா உன்னை..."

மீதியைத் தடித்த கதவு விழுங்கிவிட்டது.

* * *

தம்பியின் உள்ளங்கையில் மூன்று துண்டுகளை இறுக்கிச் சுற்றி, கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எப்போதும் மாட்டும் ஹெட்போனை இன்று மாட்ட முடியவில்லை. மதியத்து அறையில் இடது காதும் மறுபடி அதிர்ந்து, தொட்டாலே வலித்தது. ஸ்பீக்கரிலேயே வைத்தாள்.

தேர்வு எடுப்பவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. விதிகளை நிதானமாகப் படித்தார். பதிவு செய்த இதே அறையில்தான் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்துக்குள் திரும்ப வரலாம். இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை அறுந்தால் தேர்வு ரத்து.

"உதட்டுல என்ன?"

"அடிபட்டிருக்கு மேடம்."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "தேர்வை நிறுத்தி வைக்கணுமா?"

"வேண்டாம் மேடம். கேளுங்க."

முதல் கேள்வி, சேஃப்டி வால்வு எதற்கு? அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவது கேள்விக்குச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்று ஏழுக்கு, நான்கு விளக்குகளும் அணைந்தன.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் உள்ளேல்ல இருக்கான்?" என்றான் தம்பி. "உள்ளே இருந்துட்டு எப்படி அறுப்பான்?"

கீழே டம், டம். ஆள் உள்ளேதான்.

"அவரு அறுக்கலடா." அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என்னிக்குமே அவரு அறுக்கல."

"அவன்தானே சொன்னான், நான்தான்னு!"

"சொல்லுவாரு."

தம்பி தன் கையில் சுற்றிய துண்டைப் பார்த்தான். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் மார்தட்டி, அதற்கு இன்னொருவன் மண்டையில் போட்டு, கை கிழிந்து, போன் நொறுங்கி... "அப்போ நான் அடிச்சது?"

"என் விரலுக்குன்னு வெச்சுக்கோ. பேசாதே, விளக்கு வருது."

மூன்று ஒன்பதுக்கு உள்ளே நுழைந்தாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கேள்விகள் நன்றாகவே போயின. மூன்று பதினாறுக்கு ஐந்தாவது: "தண்ணீர் மட்டம் காட்டுற கண்ணாடியில தண்ணியே தெரியல. பாய்லர் ஓடிட்டிருக்கு. முதல்ல என்ன..."

தரைக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் சட்டம் லேசாக அதிர்ந்தது. விளக்குகள் அணைந்தன.

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரமாக அந்த 'தொம்'மைக் கேட்காமல் காதை அடைத்துக்கொண்டிருந்தது ஹெட்போன். அவன் அடித்த அடியால்தான் இன்று அது கழன்றிருக்கிறது.

"கம்ப்ரசர்" என்றாள்.

"என்னது?"

அவள் படபடவென்று சொன்னாள். குளிர் அறைக்கு உயிர் அதன் கம்ப்ரசர். உள்ளே சூடு கொஞ்சம் ஏறினால் அது தானாகக் கிளம்பும், குளிர்ந்ததும் தானாக நிற்கும். எந்தப் பெரிய மோட்டாரும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது குடிப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை ஒரே மடக்கில் குடிக்கும். அந்தக் கண்ணிமைக்கும் நேரம் அதே லைனில் இருக்கும் மற்றவற்றுக்குப் பற்றாக்குறை. மின்விசிறி சுற்றிய வேகத்தில் சமாளித்துவிடும். லேப்டாப்புக்கு வயிற்றில் பேட்டரி இருக்கிறது. ரௌட்டருக்கு இரண்டும் இல்லை. மாடிக்கே கடையிலிருந்து இழுத்த வயரில்தான் மின்சாரம்.

"சனிக்கிழமை கூட்டம். கதவைத் திறந்து திறந்து மூடுவாரு, உள்ளே சூடாகும், அடிக்கடி கிளம்பும். புதன்கிழமை?"

"ரூமைக் கழுவ மெஷினையே நிறுத்திடுவான்!"

"அவ்ளோதான்டா."

"இன்னிக்குக் கதவு மூடித்தானே இருக்கு?"

"உள்ளே ஒரு ஆள் இருக்காரே. மனுஷ உடம்பு ஒரு குட்டி ஹீட்டர். குதிச்சா இன்னும் சூடு."

கறிக்கடைக்காரன் வேண்டுமென்று ஒரு தடவைகூட அறுக்கவில்லை. இப்போது, தன்னை அறியாமல், கோபத்தாலேயே அறுத்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்ரசரை அணைச்சிடறேன்" என்று தம்பி எழுந்தான்.

"சுவிட்ச் பெட்டி பூட்டியிருக்கு. சாவி அவரு இடுப்புல. மெயினை அணைச்சா ரௌட்டரும் போயிடும்." அவள் ரௌட்டரின் அடாப்டரைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட் என்றிருந்தது. "டேய், உன் பைக் பேட்டரி எத்தனை வோல்ட்?"

தம்பியின் வாய் திறந்தது. மூடாமலே படியில் ஓடினான்.

மூன்று பதினெட்டு. மூன்று இருபத்தாறுக்குள் உள்ளே இருக்க வேண்டும். ரௌட்டர் விழிக்க இரண்டு நிமிடம் ஆகும். அப்படியானால் கையில் இருப்பது ஆறு நிமிடம்.

அடாப்டர் வயரை அக்கா இடது கையால் கத்தரித்தாள். முனைகளைப் பல்லால் உரித்தாள். உதட்டிலிருந்து ரத்தம் வயரில் பட்டது. தம்பி ஒற்றைக் கையால் பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். துண்டு முழுக்கச் சிவந்திருந்தது.

"வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் பிளஸ்க்கா. எல்லாத்துலயும் அப்படித்தான்."

"எல்லாத்துலயும்னா?"

"நான் பார்த்த எல்லாத்துலயும்."

"மாத்திக் கொடுத்தா ரௌட்டர் புகைஞ்சிடும். பார்த்துடலாம்."

டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு கை உப்பு. அடாப்டரைச் சுவரில் செருகி, அதன் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் விட்டாள். கோடு இல்லாத முனையிலிருந்து பொடிக் குமிழ்கள் கொத்தாகக் கிளம்பின. கோடு போட்டதில் பெயருக்கு நாலு. அதிகம் குமிழ்வது மைனஸ்.

"நீ சொன்னது சரிதான்."

"நான்தான் சொன்னேன்ல!"

"இப்போதான் சரி."

அவளுக்கு வலது கை இல்லை, அவனுக்கு இடது கை இல்லை. அவள் ஒரு வயரைச் சுற்ற, அவன் கட்டைவிரலால் அதைப் பேட்டரி முனையில் அழுத்தினான். அடுத்ததை நடுவிரலால்.

"ஷாக் அடிக்குமா?"

"பன்னிரண்டு வோல்ட் அடிக்காது. ஆனா விரலை எடுத்தேன்னா நான் அடிப்பேன்."

மூன்று இருபத்து மூன்றரை. ஒரு விளக்கு. இரண்டு. மூன்றாவது அவர்களை ஒரு யுகம் காக்கவைத்தது. நான்கு.

மூன்று இருபத்தைந்தரைக்குத் தேர்வாளரின் முகம் திரையில் வந்தது.

"இனி ஒரு தடவை அறுந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கேள்வி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். கண்ணாடில தண்ணி தெரியலன்னா முதல்ல நெருப்பை நிறுத்துவேன். பதறித் தண்ணி விடமாட்டேன். காய்ஞ்ச இரும்புல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சிடும். தானா ஆற விடுவேன். ஆறினப்புறம்தான் கிட்டப் போவேன்."

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். அப்போதுதான் தம்பி தலையை நிமிர்த்தினான். பேட்டரியிலிருந்து விரலை எடுக்காமல், கண்ணால் தரையைக் காட்டினான்.

கீழே கதவை இடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது? அக்காவுக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறானா? கதவோரத்தில் கத்தியோடு காத்திருக்கிறானா? மண்டையில் பட்ட அடி இப்போதுதான் வேலை செய்கிறதா? இரண்டு டிகிரிக்கு அவள் கணக்குப் போட்டாள். அந்த அடிக்குப் போடவில்லை. எழுந்து போனால் தேர்வு போகும். உட்கார்ந்திருந்தால்? மிச்சம் இரண்டு கேள்வி.

தரைக்கு அடியில் 'தொம்'. ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. உயிருள்ள ஒன்று உள்ளே இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

நான்கு விளக்குகளும் அசையவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் தேர்வாளர். "தொடர்பு ஏன் அறுந்ததுன்னு நான் பதிவு செய்யணும். காரணம் தெரிஞ்சுதா?"

அக்கா திரையை நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது மேடம். கீழே குளிர் அறை கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் லைன்ல வோல்டேஜ் விழுது, ரௌட்டர் அணைஞ்சு மறுபடி கிளம்புது. ரௌட்டரை அந்த லைன்லருந்து பிரிச்சு, பன்னிரண்டு வோல்ட் பைக் பேட்டரில போட்டுட்டேன். இனிமே அறுக்காது."